‘நிமோனியாவா இருக்கலாம்’: ஐசியூ சளி லேபுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது?

ஒரு நோயாளியை நினைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. பைக் விபத்தில் தலையில் அடி, ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். நான்கு நாள் பெரிய தொந்தரவு இல்லை. ஐந்தாம் நாள் விடிகாலையில் காய்ச்சல் 101ஐத் தாண்டுகிறது. ட்யூப் வழியாகச் சளி உறிஞ்சும் நர்ஸ், “நேத்து வரைக்கும் வெள்ளையா நுரையா வந்துச்சு டாக்டர், இப்ப மஞ்சளா கெட்டியா வருது” என்கிறார். 40 சதவீத ஆக்ஸிஜனில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு இப்போது 60 வைத்தால்தான் மானிட்டரில் எண் இறங்காமல் நிற்கிறது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் டியூட்டி டாக்டர் வந்து சொல்கிறார்: “நிமோனியாவா இருக்கலாம்மா. சளி டெஸ்ட் அனுப்பியிருக்கோம்.”

இந்தக் கட்டுரை அந்த ‘லாம்’ பற்றியது. அதைக் கழற்ற லேபுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், முதல் மணி நேரத்தில் எதைச் சொல்ல முடியும், எதற்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும், ‘கிருமி இருக்கிறது’ என்று வரும் ரிப்போர்ட்டே சில சமயம் ஏன் ஒன்றும் சொல்லாத ரிப்போர்ட்டாகிவிடுகிறது என்று பார்ப்போம்.

முதலில் பெயர். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் ஆன பிறகு தொடங்குவது மருத்துவமனைத் தொற்று நிமோனியா. மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு 48 மணி நேரம் கழித்து வந்தால் அது வென்டிலேட்டர் நிமோனியா. ஐசியூ பேச்சில் சுருக்கமாக ‘வேப்’. இந்த 48இல் மந்திரம் எதுவும் இல்லை. வீட்டிலிருந்தே நுரையீரலில் கிருமியைச் சுமந்து வந்தவரையும், இங்கே வந்து பிடித்துக்கொண்டவரையும் பிரிக்க ஒரு கோடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிருமிகள் வேறு. வெளியிலிருந்து வருவதில் நிமோகாக்கஸ் போன்றவை முக்கியம். சாதாரண மருந்துக்கே பெரும்பாலும் அடங்கும். நம் ஊர் ஐசியூக்களில் பிடிப்பவை அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ். ஆன்டிபயாடிக் மழையிலேயே நனைந்து வளர்ந்தவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) கண்காணிப்புக் கணக்கின்படி 2021இல் அசினெட்டோபாக்டர்களில் 87.5 சதவீதம் கார்பபெனம் வகை மருந்துகளுக்கு அடங்கவில்லை. மெரோபெனம் இந்த வகைதான். மற்ற மருந்துகள் கைவிட்டால் எடுக்கலாம் என்று வைத்திருந்த மருந்து.

திண்ணையும் வீடும்

ட்யூப் போட்டவருக்கு ஏன் நிமோனியா வருகிறது? தூக்கத்தில் நம் எல்லோருக்குமே கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கத்தான் செய்கிறது. இருமல் வெளியே தள்ளிவிடும். குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிர்களும் துடைப்பம் போல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மயக்கத்தில் இருப்பவருக்கு இருமல் இல்லை. தொண்டை மூடிக்கொள்ள முடியாதபடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் அடிப்பகுதியில் காற்று நிரப்பிய சின்ன பலூன் ஒன்று இருக்கிறது. எச்சில் கீழே இறங்காமல் தடுக்கத்தான். ஆனால் பலூனுக்கு மேலே எச்சில் குட்டைபோல் தேங்குகிறது, பலூனின் மடிப்புகள் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. படுக்கையில் சில நாள் கிடந்தாலே வாயில் குடியிருக்கும் கிருமிகளும் மாறிவிடுகின்றன. வழக்கமான சாதுக்கள் போய் ஐசியூக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ட்யூபின் உள்சுவரிலும், தண்ணீர்த் தொட்டியில் பாசி படிவதுபோல, கிருமிகளின் வழுவழுப்பான படலம் ஒன்று படிகிறது.

ஆகவே நான்கைந்து நாள் ட்யூபில் இருந்த யாருடைய சளியை எடுத்து வளர்த்தாலும் ஏதோ ஒன்று முளைக்க வாய்ப்பு அதிகம். நிமோனியா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவன் எல்லாம் திருடன் இல்லையே. மூச்சுக்குழாய் திண்ணை, நுரையீரலின் காற்றறைகள் வீடு. திண்ணையில் ஆள் இருப்பது சகஜம். உள்ளே புகுந்து ஏதாவது செய்கிறானா என்பதுதான் கேள்வி. இந்த நோயின் லேப் பரிசோதனை முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

அப்படியானால் எக்ஸ்ரே போதாதா என்று கேட்கலாம். போதாது. நுரையீரலில் நீர் கோத்தாலும் திட்டு தெரியும், சளி அடைத்து ஒரு பகுதி சுருங்கினாலும் தெரியும், விபத்தில் அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தாலும் தெரியும். காய்ச்சலுக்கு ஐசியூவில் நூறு காரணம். மருத்துவரின் கண் முக்கியம்தான், ஆனால் இந்த நோயில் அது தனியாக நின்றால் அடிக்கடி ஏமாறுகிறது. தவறு இரண்டு பக்கமும் நடக்கும். நிமோனியா உள்ளவருக்குச் சரியான மருந்து தாமதமானால் உயிருக்கே ஆபத்து. நிமோனியா இல்லாதவருக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு பெரிய மருந்து பத்து நாள் ஏறினால் சிறுநீரகம் கெடலாம், வயிற்றுப்போக்கு வரலாம், மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு அந்த வார்டே நாற்றங்காலாகிவிடும்.

லேப் தொடங்குவது படுக்கையருகில்

லேப் என்றதும் மெஷின்தான் நினைவுக்கு வரும். ஆனால் சளி எடுக்கும் ஐந்து நிமிடத்தில் நடக்கும் தவறை அதற்குப் பிறகு எந்த மெஷினாலும் திருத்த முடியாது.

முதல் விதி, புது ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். லேபில் சளியைப் பிளேட்டில் தடவிக் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள், இதுதான் ‘கல்ச்சர்’. ஓரிரு டோஸ் போனாலே அந்தப் பிளேட்டில் முளைக்கும் கிருமிகள் சட்டென்று குறைந்துவிடும். ‘ஒன்றும் வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால், நோய் இல்லாததால் வளரவில்லையா, மருந்து அமுக்கியதால் வளரவில்லையா என்று தெரியாது. நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தால் மட்டும் சளிக்காக மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. அப்போதும் ட்யூப் வழியாகச் சளி எடுக்க ஐந்து நிமிடம்தான். நர்ஸ் மருந்தைக் கரைத்து ஏற்றும் நேரத்திலேயே முடிந்துவிடும்.

எடுக்கும் முறைகள் இரண்டு வகை. எளியது, ட்யூபுக்குள் புதிய உறிஞ்சு குழாயை விட்டு, நடுவில் ஒரு சிறு மூடிய பாட்டிலைப் பொருத்தி அதில் சளியைப் பிடிப்பது. எந்த ஐசியூவிலும் எந்த நேரத்திலும் நர்ஸே செய்துவிடலாம். ஆனால் இது திண்ணையிலிருந்து எடுப்பது. இன்னொன்று, நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயான பிராங்கோஸ்கோப்பை எக்ஸ்ரேயில் திட்டு தெரியும் இடம்வரை கொண்டுபோய், அங்கே சலைன் விட்டுக் கழுவி, அந்த நீரை உறிஞ்சுவது. ‘பால்’ என்பார்கள் (குடிக்கும் பால் இல்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்). இது வீட்டுக்குள் போய் எடுப்பது. ஆனால் அதற்குக் கருவி வேண்டும், பழகிய கை வேண்டும், ஏற்கெனவே ஆக்ஸிஜன் தடுமாறும் நோயாளி அதைத் தாங்கவும் வேண்டும். பிராங்கோஸ்கோப் இல்லாமல் மெல்லிய குழாயை மட்டும் ஆழமாக விட்டுக் கழுவும் ‘மினி பால்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ட்யூபைக் கழற்றும்போது அதன் நுனியைக் கத்தரித்து டப்பாவில் போட்டு ‘கல்ச்சர்’ என்று அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்த நுனி சொல்வது ட்யூபில் படிந்த பாசியைப் பற்றி. நுரையீரலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நல்ல லேப் அதைத் திருப்பி அனுப்பும், அனுப்பியவர் கோபித்துக்கொள்வார்.

எடுத்த சளி இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். தாமதமாகும் என்றால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நர்ஸிங் மேசை ஓரத்தில் அது கிடந்தால் முரட்டுக் கிருமிகள் அங்கேயே பெருகும், நாசூக்கானவை சாகும். மேசையில் நடந்த கதையைத்தான் பிறகு பிளேட் சொல்லும். அப்புறம் அந்தச் சீட்டு. பெயரும் ஐபி நம்பரும் ‘கல்ச்சர்’ என்ற ஒற்றைச் சொல்லுமாக வரும் சீட்டைவிட, ‘வென்டிலேட்டரில் ஐந்தாம் நாள், இன்று காலை புதுத் திட்டு, இன்னும் மருந்து தொடங்கவில்லை’ என்று ஒரு வரி கூடுதலாக எழுதிய சீட்டு லேபுக்குப் பத்து மடங்கு உதவும்.

முதல் மணி நேரம்: பெர்லினில் பிறந்த ஸ்லைடு

சளி வந்தவுடன் செய்ய வேண்டியது கிராம் ஸ்டெயின். செலவு சில ரூபாய். வேலை பத்து நிமிடம். ஸ்லைடில் சளியை மெல்லியதாகத் தடவி, காயவைத்து, ஊதாச் சாயம் ஊற்றி, அயோடின் ஊற்றி, ஆல்கஹாலால் கழுவி, கடைசியில் சிவப்புச் சாயம். தடித்த சுவர் உள்ள பாக்டீரியா ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். அது கிராம் பாசிடிவ். சுவர் மெலிந்தவை ஆல்கஹாலில் ஊதாவை விட்டுவிட்டுச் சிவப்பை ஏற்கும். அவை கிராம் நெகடிவ்.

இந்த முறை நிமோனியாவுக்காகவே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஹான்ஸ் கிறிஸ்டியான் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் பெர்லினில் கார்ல் ஃபிரீட்லெண்டரிடம் வேலை பார்த்தபோது, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளில் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். சாயம் ஏற்றினால் நுரையீரல் திசுவும் கிருமியும் ஒன்றாகவே நிறம் பிடித்துத் தொலைந்தன. திசுவை வெளுக்கவைத்துக் கிருமியை மட்டும் நிறத்தோடு நிறுத்த அவர் கண்ட வழிதான் இது. 1884இல் வெளியிட்டார், குறைகள் உள்ள முறைதான், பிறர் கையில் பயன்படலாம் என்று அடக்கமாகவே எழுதினார். கிராம் பிறந்த கோபன்ஹேகனில்தான் 1952 போலியோ கொள்ளைநோயின்போது, ட்யூப் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முறை பெரிய அளவில் தொடங்கி, நவீன ஐசியூவுக்கு அடி போட்டது. நோய்க்கு வாசல் திறந்த ட்யூபுக்கும் அதைக் கண்டுபிடிக்கும் ஸ்லைடுக்கும் ஒரே ஊர்த் தொடர்பு. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

நம் நோயாளியின் ஸ்லைடைப் பார்ப்போம். முதலில் சிறிய லென்ஸ். இங்கே கிருமியைத் தேடுவதில்லை. சளி சளிதானா என்று பார்க்கிறோம். வாயின் உள்தோல் செல்கள் அப்பளம் போல் பரந்து, நடுவில் ஒரு சின்னப் புள்ளியோடு தெரியும். ஒரு பார்வைப் பரப்பில் அவை பத்துக்கு மேல் இருந்தால் வந்திருப்பது எச்சில். போனைப் போட்டு வேறு சாம்பிள் கேட்க வேண்டும். இந்த ஸ்லைடில் அப்பளம் ஒன்றிரண்டுதான். மாறாக வெள்ளணுக்கள், கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்த நியூட்ரோஃபில்கள், பரப்புக்கு இருபத்தைந்துக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வீட்டுக்குள் ஏதோ சண்டை நடக்கிறது என்பதற்கு முதல் தடயம்.

அடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பெரிய லென்ஸ். வெள்ளணுக்களுக்கு நடுவே தடித்த, குட்டையான, இளஞ்சிவப்புக் குச்சிகள். சிலவற்றைச் சுற்றி நிறமே ஏறாத வெள்ளை வளையம். பசைபோன்ற உறை போர்த்திய க்ளெப்சியெல்லா இப்படித்தான் தெரியும். ஸ்டஃபிலோகாக்கஸாக இருந்தால் ஊதாத் திராட்சைக் கொத்து. அசினெட்டோபாக்டர் ஜோடி ஜோடியான குட்டை உருண்டைகள்; சில சமயம் ஊதாவை விடாமல் பிடித்துக்கொண்டு, பார்ப்பவரைக் கிராம் பாசிடிவ் என்று ஏமாற்றும். சில வெள்ளணுக்களின் வயிற்றுக்குள்ளேயே கிருமி கிடக்கும். நுரையீரல் கழுவிய நீரில் நூற்றுக்கு ஐந்து செல்களில் அப்படிக் கிருமி விழுங்கப்பட்டுத் தெரிந்தால், திண்ணை ஆள் இல்லை, உள்ளே புகுந்தவன் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

ஆக, ஒரு மணி நேரத்துக்குள் லேப் போனில் சொல்லக்கூடியது: “சளி நல்ல சாம்பிள். வெள்ளணு நிறைய. கிராம் நெகடிவ் குச்சிகள் நிறைய. கொத்துக் கொத்தாக ஊதா எதுவும் இல்லை.” கடைசி வாக்கியத்துக்குத்தான் விலை அதிகம். மருத்துவர் மெரோபெனத்தோடு வான்கோமைசினும் தொடங்கலாம் என்று யோசித்திருப்பார். வான்கோமைசின் ஸ்டஃபிலோகாக்கஸுக்கானது. அதன் சாயலே இல்லை என்றால் அந்த மருந்தை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

இப்படி ஸ்லைடை நம்பி மருந்தைச் சுருக்குவது ஆபத்தில்லையா? ஜப்பானில் 12 ஐசியூக்களில் 206 வென்டிலேட்டர் நிமோனியா நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கிராம் ஸ்டெயின் பார்த்து மருந்து. மறு பாதிக்கு வழிகாட்டி நெறிப்படி எல்லாவற்றையும் மூடும் மருந்து. குணமானதில் ஸ்லைடு பிரிவு பின்தங்கவில்லை. சூடோமோனாஸுக்கான பெரிய மருந்துகளின் பயன்பாடு சுமார் 30 சதவீதமும், வான்கோமைசின் வகை சுமார் 39 சதவீதமும் குறைந்தன. ஜப்பானின் கிருமிகள் நம்முடையவற்றைவிட மருந்துக்கு அடங்குபவை என்பதை மறக்கக் கூடாது. ஸ்லைடு ‘குச்சி’ என்று சொல்லும். அந்தக் குச்சி எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்லாது. பார்ப்பவரின் கண்ணுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப ரிப்போர்ட் மாறும். இரவு இரண்டு மணிக்கு ஸ்லைடு பார்க்க ஆள் இல்லாத லேபில் இந்த ஒரு மணி நேரக் கணக்கே கிடையாது.

எத்தனை புள்ளி?

ஸ்லைடு போட்ட கையோடு சளியைப் பிளேட்டிலும் தடவுகிறோம். இங்கேதான் எண்ணிக்கை வருகிறது. ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் அள்ளும் கம்பி வளையம் ஒன்று உண்டு. அதில் அள்ளித் தடவிய பிளேட்டை 35 முதல் 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாக முளைக்கும். ஒரு புள்ளிக்கு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கிருமி என்று கணக்கு. பத்துப் புள்ளி என்றால் பத்தாயிரம். நூறு என்றால் ஒரு லட்சம்.

ட்யூப் சளியில் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் இருந்தால் நிமோனியா பக்கம் சாயலாம் என்பது பழக்கம். நுரையீரல் கழுவிய நீரில் பத்தாயிரம் போதும். ஏன் குறைவு? ரசத்தில் தண்ணீர் ஊற்றியது போலத்தான். சலைன் நூறு மில்லி விட்டுக் கழுவும்போது உள்ளே இருந்த ஒரு மில்லி சளி பத்து முதல் நூறு மடங்கு நீர்த்துவிடுகிறது. நீர்த்த பிறகும் பத்தாயிரம் என்றால் உள்ளே லட்சக்கணக்கில் இருந்திருக்கிறது. இந்த எல்லைகள் கல்லில் வெட்டியவை அல்ல. காலை மருந்து ஏறிவிட்ட ஒருவருக்கு எட்டாயிரமும் நோயாக இருக்கலாம். நம் ஊரில் பல லேப்கள் எண்ணுவதும் இல்லை; கொஞ்சம், மிதம், அதிகம் என்று எழுதிவிடுவார்கள். அதுவும் ஒரு கணக்குதான்.

கழுவி எடுப்பதா, சும்மா உறிஞ்சி எடுப்பதா என்பதில் பெரிய சண்டையே நடந்தது. 2000இல் பிரான்சில் 413 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், உள்ளே போய் எடுத்து எண்ணிய பிரிவில் பதினான்கு நாளுக்குள் இறந்தவர்கள் குறைவு, ஆன்டிபயாடிக்கும் குறைவு. 2006இல் கனடா, அமெரிக்கா ஐசியூக்களில் 740 பேரிடம் செய்ததில் வித்தியாசமே இல்லை. ஆனால் இந்த இரண்டாம் ஆய்வில் சூடோமோனாஸும் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸும் ஏற்கெனவே குடியிருந்தவர்களைச் சேர்க்கவில்லை. அதாவது, திண்ணைச் சிக்கல் அதிகமுள்ளவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தார்கள். விளைவு, 2016 அமெரிக்க நெறி எளிய உறிஞ்சு சளியே போதும் என்கிறது, 2017 ஐரோப்பிய நெறி ஆழத்திலிருந்து எடுத்து எண்ணுவது மேல் என்கிறது. என்னைக் கேட்டால், நாளை காலை பிராங்கோஸ்கோபி டாக்டர் வந்து எடுக்கப்போகும் நீரைவிட, இப்போதே மருந்துக்கு முன்னால் சுத்தமாக எடுத்த ட்யூப் சளி நல்லது.

ரத்தப் பரிசோதனையில் தெரியாதா?

புரோகால்சிடோனின், சிஆர்பி என்று இரண்டு பெயர் பில்லில் அடிக்கடி வரும். கிருமித் தொற்றில் இவை ரத்தத்தில் ஏறும். ஆனால் பெரிய அடியிலும் ஆபரேஷனிலும்கூட ஏறும். நம் நோயாளிக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. அதனால் மருந்து தொடங்கலாமா என்ற முடிவுக்குப் புரோகால்சிடோனினை நம்ப வேண்டாம் என்று 2016 நெறியே சொல்கிறது. தொடங்கிய மருந்தை நிறுத்தலாமா என்று பார்க்க, நாளுக்கு நாள் அது இறங்குவதைக் கவனிப்பது உதவும். ரத்தக் கல்ச்சரும் அனுப்ப வேண்டும், ஆனால் வென்டிலேட்டர் நிமோனியாவில் நூற்றில் பதினைந்து பேர் அளவில்தான் கிருமி ரத்தத்துக்கு இறங்கியிருக்கும்.

பிரிட்டனில் ஒரு சுவாரசியமான சோதனை நடந்தது. நுரையீரல் கழுவிய நீரில் இன்டர்லூகின் 1 பீட்டா, இன்டர்லூகின் 8 என்ற இரண்டு அழற்சிப் பொருட்களும் குறைவாக இருந்தால் நிமோனியா இல்லை என்று நம்பிக்கையாகச் சொல்லலாம். டெஸ்ட் சரியாகவே வேலை செய்தது. சில மணி நேரத்தில் ரிப்போர்ட்டும் வந்தது. 24 ஐசியூக்களில் 210 நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்திப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக் குறையவே இல்லை. ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும், ஆபத்தான நிலையில் கிடக்கும் ஒருவருக்கு மருந்தை நிறுத்த டாக்டர்களுக்குக் கை வரவில்லை. குறை சொல்ல முடியுமா?

ஒரு மணி நேரப் பெட்டி

சளியை நேரடியாக ஒரு கார்ட்ரிஜில் விட்டு மெஷினில் செருகினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே கிருமியின் பெயரே வந்துவிடும் பிசிஆர் பேனல்கள் (கிருமியை வளர்க்காமல் அதன் டிஎன்ஏவைத் தேடும் சோதனைகள்) இப்போது வந்திருக்கின்றன. அவற்றில் பரவலான பயோஃபயர் நிமோனியா பேனல் 2018இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பதினைந்து சாதாரண பாக்டீரியாக்களை அளவோடு சொல்லும். கூடவே சில வைரஸ்கள், மருந்தை முறிக்கும் ஏழு வகை மரபணுக் குறிகள். விலை கனம், நம் ஊரில் ஒரு கார்ட்ரிஜ் ஆயிரக்கணக்கில் போகும்.

அந்தக் குறிகளில் ஒன்று நமக்குப் பழக்கமானது: என்டிஎம். 2008இல் புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் முதலில் கண்டதால் டெல்லியின் பெயரையே வைத்துவிட்டார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு சென்னையில் மட்டும் இப்படி 44 கிருமிகளைக் காட்டியது. ஊர்ப் பெயர் வைத்ததற்கு இந்திய அரசு கோபப்பட்டது தனிக் கதை. மரபணு இருந்தால் மெரோபெனம் வேலைக்காகாது. கல்ச்சர் அதைச் சொல்ல மூன்றாம் நாளாகும். பேனல் அன்றைக்கே சொல்லிவிடும். இதில் பேனல் ஜெயிக்கிறது, சந்தேகமில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் இடறுகிறது. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது எண்ணும்; திண்ணையில் இருப்பவனையும் எண்ணும். இன்னொன்று நம் ஊருக்கே உரிய சிக்கல். இங்கே அசினெட்டோபாக்டர் மெரோபெனத்தை முறிப்பது பெரும்பாலும் ஆக்ஸா-23 என்ற மரபணுவால். இந்தப் பேனலில் அது இல்லை. ‘அசினெட்டோபாக்டர் இருக்கிறது, மருந்து முறிக்கும் மரபணு எதுவும் இல்லை’ என்று வரும் ரிப்போர்ட்டை நம்பி மெரோபெனம் போட்டால் பத்துக்கு எட்டு முறை ஏமாறுவோம். எதைத் தேடவில்லை என்று தெரியாமல் ‘இல்லை’ என்பதைப் படிக்கக் கூடாது. பிரிட்டனில் 2025இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தப் பேனலைப் பயன்படுத்திய ஐசியூ நோயாளிகளுக்கு மருந்துத் தேர்வு தெளிவாக மேம்பட்டது. ஆனால் குணமாவதில் பழைய முறைக்குக் குறையவில்லை என்று நிரூபிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள்

மறுநாள் காலை பிளேட்டைத் திறந்தால், மெக்காங்கி அகாரில் பளபளவென்று ஈரமான இளஞ்சிவப்புப் புள்ளிகள். கம்பியால் தொட்டு இழுத்தால் பாகு போல் நூல் வருகிறது. க்ளெப்சியெல்லா என்று பாதி உறுதி. மால்டி என்ற மெஷின் உள்ள லேபில் சில நிமிடத்தில் பெயர் உறுதியாகிவிடும். இல்லாத லேபில் சோதனைக் குழாய்களின் நிறமாற்றத்தைப் பார்த்து இன்னொரு நாள். சூடோமோனாஸாக இருந்தால் பச்சை ஏறும், மூடியைத் திறக்கும்போதே திராட்சை வாசனை வரும். முகர்ந்து பார்க்கக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. தானாக மூக்குக்கு வருவதை என்ன செய்வது.

அந்தக் கிருமியை மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளோடு மறுபடி ஓர் இரவு வளர்த்தால் எது கொல்லும், எது கொல்லாது என்று தெரியும். இதுதான் எல்லோரும் கேட்கும் ‘சென்சிடிவிட்டி ரிப்போர்ட்’. கடைசிக்குக் கடைசியாக எடுக்கும் கொலிஸ்டினுக்கு மட்டும் வட்டு முறை நம்பத்தக்கதல்ல, திரவத்தில் அளந்து பார்க்க வேண்டும். வட்டை வைத்துக் கொலிஸ்டின் ரிப்போர்ட் யாராவது கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

சளியில் ‘கேண்டிடா’ என்று ஒரு பூஞ்சை வரும் ரிப்போர்ட்டுகளும் ஏராளம். அது அநேகமாக எப்போதும் திண்ணைவாசிதான். அதற்கென்று விலையுயர்ந்த பூஞ்சை மருந்து ஏற வேண்டியதில்லை.

நம் நோயாளிக்கு மூன்றாம் நாள்: க்ளெப்சியெல்லா, பத்து லட்சத்துக்கு மேல், பைபராசிலின்-டாசோபாக்டம் கேட்கிறது. மெரோபெனம் நிறுத்தப்பட்டு அது தொடங்குகிறது. மொத்தம் ஏழு நாள் போதும். பிரான்சில் 401 பேரிடம் எட்டு நாளையும் பதினைந்து நாளையும் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பில் இரண்டு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

ஏழு நாள் முடிந்ததும் ‘கிருமி போயிடுச்சான்னு இன்னொரு தடவை சளி அனுப்பிப் பாத்துடலாமே’ என்று வீட்டார் கேட்பதுண்டு, சில சமயம் டாக்டரே கேட்பார். காய்ச்சல் இறங்கி, ஆக்ஸிஜன் 40க்குத் திரும்பி, சளி மறுபடி வெள்ளையாகிவிட்ட ஒருவரின் ட்யூபிலும் எட்டாம் நாள் அதே க்ளெப்சியெல்லா முளைக்கலாம். திண்ணையில் படுத்திருக்கிறது. அந்தப் பிளேட்டைப் பார்த்து மருந்து எழுத வேண்டாம். சளியை அனுப்பாமலே இருந்தால் இன்னும் நல்லது.